ஹாரனுக்கு இடம் விடும் பாட்டு

காரவள்ளியைத் தாண்டி முதல் வளைவு தொடங்கும் இடத்தில் தரணிதரன் வண்டியை ஓரங்கட்டுகிறார். என்ஜினை அணைப்பதில்லை. சட்டைப் பையிலிருந்து கேசட்டை எடுத்து, சட்டை நுனியால் இரண்டு பக்கமும் துடைத்து, ஓட்டையில் பென்சிலை விட்டுச் சுற்றித் தொளதொளத்த நாடாவை இறுக்குகிறார். ஸ்டியரிங்கின் மேல் லேசாக இரண்டு தட்டு. கேசட் உள்ளே போகிறது. கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு எங்கோ சீமையில் நாலு பையன்கள் கிடாரைத் தோளில் மாட்டிக்கொள்ள, இங்கே நானூற்றேழு வேன் கொல்லிமலை ஏறத் தொடங்குகிறது.

அதே நேரத்தில் பக்கத்து இருக்கையில் அவர் மனைவி சத்யா துண்டை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். பின்னால் காலிக் கூடைகளுக்கு நடுவே குந்தியிருக்கும் லோடுமேன் முத்தன், “ஆரம்பிச்சுட்டாருடா சாமி” என்று கூடைகளிடம் முறையிடுவார். முன்னால் இடம் இருந்தாலும் முத்தன் வந்து உட்கார மாட்டார். “மேல ஏறறப்ப ஒருத்தன் அழுவறான், கீழ எறங்கறப்ப இன்னொருத்தன் அழுவறான். காத்தோட்டமா பின்னாலயே இருந்துக்கறனுங்க தம்பி. அன்னாசி அழுவறது பத்தாதா?” என்பது அவர் கட்சி. அன்னாசி சீக்கிரம் அழுகிப்போவதற்கும் இந்தப் பாட்டுகளுக்கும் சம்பந்தம் உண்டு என்று அவர் மனதார நம்புகிறார்.

தரணிதரனுக்கு வயது முப்பத்துநாலு. அடிவாரத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். வியாபாரத்துக்காக மலைமேல் சோளக்காட்டில் வீடு எடுத்துத் தங்கியிருக்கிறார். கொல்லிமலையின் குண்டூர் நாட்டிலும் குண்டனி நாட்டிலும் விளையும் வாழைத்தாரும் பலாவும் அன்னாசியும் சோளக்காட்டுச் சந்தைக்கு வந்து, அங்கிருந்து இவர் வண்டியில் நாமக்கல், சேலம், சில நாள் பெங்களூர் வரை போகும். சந்தையில் இவருக்குப் பெயர் இங்கிலீஷ் தரணி. ஆங்கிலத்தில் இவருக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் போகும் லாரியின் முதுகை எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுதான். பாட்டுக்கு அர்த்தம் என்ன என்று யாராவது வம்புக்கு இழுத்தால், “என்ற மாமியா பேசறது மொத்தமும் அர்த்தமாவுது. அதுல என்னுங்க சொகத்தக் கண்டேன்?” என்று கேட்டுவிட்டு, மாமியார் பெண் துண்டுக்குள் முழித்திருக்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார்.

இந்தப் பைத்தியம் பிடித்தது தொண்ணூற்றேழில். பெங்களூரில் இந்த வேனைப் பழைய வண்டியாக வாங்கினார். வண்டியோடு ஒரு டேப்பும், டேப்புக்குள் ஒரு கேசட்டும் வந்தன. உள்ளே இருந்த கேசட் வெளியே வர மறுத்தது. ஸ்குரூ டிரைவர், அரிவாள்மணை, சத்யாவின் ஊக்கு எல்லாம் தோற்றன. ஆடியிலிருந்து ஐப்பசி வரை வண்டியில் அந்த ஒரே கேசட்தான் ஓடியது. முதல் வாரம் தரணிதரன் அதைத் திட்டினார். பிறகு பழகிப்போனது. புரட்டாசியில் ஸ்டியரிங்கில் தாளம் போட ஆரம்பித்தார். ஐப்பசி மழையில் ஒருநாள் டேப் தானாகவே வாயைத் திறந்து கேசட்டைத் துப்பியபோது நாடா கசங்கி, அதன் கதை முடிந்திருந்தது. அன்றைக்கு இவர் சோற்றில் கை வைக்கவில்லை. “கெடா செத்தன்னிக்குக்கூட ரெண்டு வாய் தின்ன மனுசனுங்க” என்று சத்யா இன்னமும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

அதற்குப் பிறகு வண்டியில் சினிமாப் பாட்டு கிடையாது, சாமி பாட்டும் கிடையாது. “டீக்கடைல, சலூன்ல, பஸ்ஸுல, கண்ணாலத்துல, எங்க போனாலும் அதுதானுங்க கேக்குது. என்ற வண்டி ஒண்ணாச்சும் வேற ஒண்ணப் பாடட்டுமே” என்பார். பெங்களூர் மார்க்கெட் பக்கத்து நடைபாதையில் பழைய கேசட் விற்கும் ஒருவர்தான் இவருக்குக் குரு. கிடார் ஓங்கிக் கேட்டால் அது ராக், பெரிய கம்பெனி தலையிடாமல் பையன்களே கூடிப் போட்டது இண்டி என்று அரைகுறைத் தமிழில் அவர் பாடம் நடத்தியிருக்கிறார். அதைத் தரணிதரன் முத்தனுக்கு இப்படி விளக்கினார்: “மண்டிக்காரன் கைக்குப் போவாம நம்ம சனமே கொண்டாந்து சந்தைல விக்கறதில்லீங்களா முத்தண்ணா, அதாட்டந்தான் இண்டி.” முத்தனுக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது. பாட்டு மட்டும்தான் பிடிக்கவில்லை.

பாட்டை எடைபோட ஆளாளுக்கு ஒரு தராசு இருக்கும். தரணிதரனின் தராசு எழுபது வளைவு கொண்ட இந்த மலைப்பாதை. கேசட்டின் முதல் பக்கம் அடிவாரத்து வெயிலில் தொடங்கி மேலே பனி ஆரம்பிக்கும் இடம் வரை தாங்க வேண்டும். இரண்டாம் கியரில் என்ஜின் முக்கும்போது கூடவே முக்கக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமான சட்டம் ஒன்று உண்டு. வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தாக வேண்டும். எதிரே பஸ் வந்தால் உயிர் போகிற விவகாரம். ஆகவே பாட்டில் ஹாரனுக்கு இடம் இருக்க வேண்டும். “ஹாரனுக்கு எடம் உடாத பாட்டு மலைக்கு ஆவாதுங்க. அவனே ஓயாம கத்திக்கிட்டிருந்தா நான் எப்பங்க கத்தறது?” என்று கேட்கிறார். நியாயமான கேள்விதான்.

வருஷா வருஷம் மார்கழியின் கடைசிச் சந்தை நாளில் அந்த வருஷத்தின் சிறந்த கேசட்டுகளை அறிவிப்பது இவர் வழக்கம். யாரும் கேட்டுக்கொண்டதில்லை. வண்டியைச் சந்தையில் மாதேஸ்வரனின் டீக்கடைக்கு எதிரே நிறுத்தி, இரண்டு கதவையும் திறந்துவிட்டு, படிக்கட்டில் ஏறி நின்று, ஐந்தாம் இடத்திலிருந்து ஒவ்வொரு அட்டையாகத் தூக்கிக் காட்டுவார். முதல் வருஷம் ஐந்தையும் போட்டுக் காட்டப்போய், கட்டியிருந்த ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, பெரிய ரகளை ஆகிவிட்டது. அதிலிருந்து மாதேஸ்வரனோடு ஓர் உடன்படிக்கை. நாலு இடங்களை வாயால் சொல்லிவிட வேண்டும். முதலிடத்துக்கு மட்டும், அதுவும் ஒரு பக்கம் மட்டும், டீக்கடையின் ஐயப்பன் பாட்டை நிறுத்தி வழிவிடுவார். மாலை போட்ட சாமியான மாதேஸ்வரன் அந்த நேரம் முழுக்கக் கண்ணை மூடி சரணம் சொல்லிக்கொண்டிருப்பார்.

இத்தனைக்கும் தரணிதரன் எதிர்பார்ப்பது மிகச் சிறிய விஷயம். இந்த மலையில் ஒரே ஒரு ஆள் முதலிடத்துப் பாட்டைக் கடைசி வரை நின்று கேட்டுவிட்டு, “இன்னொருவாட்டி போடுங்க” என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். வருஷங்கள் போகின்றன, அந்த ஆள் வந்தபாடில்லை. இரண்டாயிரத்தில் கடைசி வரை இருந்தது ஒரு நாய். அதுவும் வண்டிக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சாயங்காலம் இவர் வீட்டுக்கு வந்து நேரே போய்ப் படுத்துக்கொண்டார். பாவமாகத்தான் இருந்தது என்று சத்யாவே ஒப்புக்கொள்கிறார்.

இரண்டாயிரத்து ஒன்றின் பட்டியல் இது. அட்டையில் உள்ள படத்தை வைத்து இவரே பெயர் சூட்டிவிடுவார். ஐந்தாம் இடம் ‘குடைக்காரன்’. அதில் இரண்டு கிடார்கள் ஓரகத்திகள் போலக் கடைசி வரை ஒத்துப்போவதில்லை; அதுதான் ருசி. நாலாவது ‘நாய்க்குட்டி’. பாடுவதும் ஒரு பெண், மேளம் அடிப்பதும் அவளேதான். தினைக்காட்டில் பன்றி விரட்டத் தகரம் தட்டுகிறவர்களுக்கே அந்தக் கை வராது என்கிறார். மூன்றாவதற்கு அட்டை தொலைந்துவிட்டதால் ‘அனாதை’. இரண்டாவது ‘மூக்குக்கண்ணாடி’. உண்மையில் முதலிடத்துக்கு வந்திருக்க வேண்டியது. ஆனால் அதன் மூன்றாவது பாட்டில் பஸ் ஹாரன் மாதிரியே ஏதோ ஒரு குழல் ஊதப்போய், இவர் சடாரென்று பிரேக் அடிக்க, ஒரு பலாப்பழம் உருண்டு முத்தனின் மடியில் விழுந்தது. அந்தக் கேசட்டுக்கு எதிராக முத்தன் கொடுத்த வாக்கு பலமானது.

முதலிடம் ‘தண்ணித்தொட்டி’. வெட்டவெளியில் உயரமான ஒரு தண்ணீர்த் தொட்டி, அடியில் நாலு பையன்கள் கைகட்டி நிற்கும் படம். பாடுகிறவனுக்குக் கனத்த குரல், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல. அவசரமே கிடையாது. ஒரு வரி பாடுவான், நீளமாக ஒரு மூச்சு எடுப்பான், அப்புறம் அடுத்த வரி. அந்த மூச்சு இடைவெளியில் ஹாரன் அச்சாகப் போய் உட்காரும். “என்னப் பாத்துப் பாத்துப் பாடுன மாதிரி இருக்குதுங்க” என்பார் தரணிதரன். அந்தக் கேசட் ஓடும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். “ஆட்டத் தொலச்சவனாட்டம் மூஞ்சிய வெச்சுக்கிட்டு ஓட்டுவாரு” என்று சத்யா வர்ணிப்பார். துண்டுக்குள் தூங்குகிறவருக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

இந்தத் தண்ணித்தொட்டியாவது ஓர் ஆளைப் பிடித்து நிறுத்திவிடும் என்று தரணிதரன் உறுதியாக நம்பினார். சந்தையன்று அதற்கு ஒரு குறையும் வரக் கூடாது என்று, வாங்கிய நாளிலிருந்து யாரும் திறந்து பார்க்காத டேப்பை நாமக்கல்லில் மெக்கானிக் கருப்பண்ணனிடம் சர்வீசுக்கு விட்டார். கருப்பண்ணன் டேப்பைப் பிரித்து, தூசியை ஊதி, உள்ளிருந்து ஒரு கறுப்பு ரப்பர் வளையத்தைக் குச்சியால் தூக்கிக் காட்டினார்.

“பாருங்க, பெல்ட்டு கெழவி காதாட்டம் தொங்கிப் போச்சு. இத வெச்சுக்கிட்டு எத்தன வருசமா ஓட்டறீங்க?”

“நல்லாத்தானுங்கண்ணா பாடுது.”

“என்னத்தப் பாடும்? மொடமொடன்னு புதுசு ஒண்ணு போட்டுத் தாரேன், கேளுங்க.”

புது பெல்ட்டைப் போட்டுத் தன் கடையின் முருகன் பாட்டு ஒன்றை ஓடவிட்டார். மற்ற இடங்களில் கேட்பது போலவே இருந்தது. தரணிதரன் திருப்தியாகத் தலையாட்டினார். தன் கேசட்டை அங்கே போட மனமில்லை. சர்வீஸ் ஆன டேப் தன் வண்டியில் முதல் முதலாகப் பாடுவது சந்தையில், தண்ணித்தொட்டியாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு நோன்பு வைத்துக்கொண்டார். மேசையில் கிடந்த பழைய பெல்ட்டைக் கூட வந்திருந்த சத்யா எடுத்து இழுத்துப் பார்த்தார். ரிப்பன் எங்கோ விழுந்து பின்னல் நுனி பிரிந்திருந்தது. “இத எதுக்குங்க வீசறது? முடி கட்ட நல்லாத்தான இருக்குது” என்று நுனியில் சுற்றிக்கொண்டார். அன்றைக்கு மலையேறும்போது வண்டியில் பாட்டு இல்லை. முத்தன் சந்தோஷமாக முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டார்.

அதே ரப்பர் பின்னல் நுனியில் இருக்க, சந்தை நாளில் சத்யா வண்டிக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து மிளகு விற்றுக்கொண்டிருந்தார். தரணிதரன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். படிக்கட்டில் ஏறிக் குடைக்காரனையும் நாய்க்குட்டியையும் அனாதையையும் மூக்குக்கண்ணாடியையும் முறையாக அறிவித்தார். மாதேஸ்வரன் ஐயப்பனை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடினார். சட்டை நுனியில் துடைப்பு, பென்சில், இரண்டு தட்டு. தண்ணித்தொட்டி உள்ளே போனது.

மேளம் குதித்துக்கொண்டு வந்தது. அதன் பின்னாலேயே கிடார் ஓடி வந்தது. பாடியவன் வேறு யாரோ. மீசைகூட முளைக்காத, துள்ளலான ஒரு பொடியன் குரல். ஒரு வரி முடியுமுன் அடுத்த வரியைத் தொட்டுவிட்டான். தரணிதரன் கேசட்டை வெளியே இழுத்து அட்டையைப் பார்த்தார். தண்ணித்தொட்டியேதான். மறுபடி போட்டார். மறுபடியும் அந்தப் பொடியன்தான்.

அப்போதுதான் கூத்து நடந்தது. வாழைத்தார் இறக்கிக்கொண்டிருந்தவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். குண்டனி நாட்டுப் பெண்கள் இரண்டு பேர் தலையாட்டினார்கள். முத்தனின் கால் அவருக்கே தெரியாமல் தாளம் போட்டது. வண்டியைச் சுற்றிக் கூட்டம் கூடி, பக்கம் முடிகிற வரைக்கும் ஒருவரும் நகரவில்லை. மாதேஸ்வரன் சரணத்தை எப்போதோ விட்டுவிட்டிருந்தார்.

“ஏனுங் டிரைவரே, இத்தன வருசமா இத எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க? இதல்லவா பாட்டு! இன்னொருவாட்டி போடுங்க!” என்றார் மாதேஸ்வரன்.

“ஆமாங்க தம்பி,” என்றார் முத்தன், கொஞ்சம் கூச்சத்தோடு. “இது கேக்கறாப்புல இருக்குது.”

எத்தனை வருஷமாகக் காத்திருந்த சொல். அதைக் கேட்டு நிற்கிற தரணிதரனின் முகத்தில் ஈயாடவில்லை. கருப்பண்ணன் குச்சியில் தூக்கிக் காட்டிய பெல்ட் அவர் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. ஒரு வருஷமாக அவர் உயிரை வைத்துக் கேட்டது அந்த நாலு பையன்கள் பாடியதை அல்ல, தொங்கிப்போன ஒரு ரப்பர் மெதுவாக இழுத்து இழுத்துப் பாடியதை. கனத்த குரலும் இல்லை, நீளமான மூச்சும் இல்லை. ஹாரனுக்காக அவன் இடம் விட்டதாக நினைத்ததும் பொய். நாலு வருஷத்துப் பட்டியலும் இதே கதிதானே? சுற்றிலும் சனம் கைதட்டிக்கொண்டிருக்க, யாரோ துக்கம் சொன்னதைக் கேட்டவர் போல அவர் கேசட்டைப் பின்னோக்கிச் சுற்றி மறுபடி போட்டுவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது தடவையும் ஓடி முடிந்தது. கூட்டம் கலைந்தது. மாதேஸ்வரன், பொங்கலுக்கும் இதையே போடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். சத்யா மிளகுச் சாக்கை மடித்துக்கொண்டு வந்து, மறுபக்கக் கதவைத் திறந்து ஏறினார். துண்டை எடுத்து மடியில் வைத்தார், போர்த்திக்கொள்ளவில்லை.

“ஏனுங்க, கேசட்ட மாத்திப்புட்டீங்களா?”

“இல்ல புள்ள. அதேதான்.”

“இது அதில்லீங்களே.”

தரணிதரன் திரும்பிப் பார்த்தார்.

“நம்முளதுல அந்தப் பையன் ஒரு வரி பாடிப்போட்டு நல்லா மூச்சு வாங்குவான். நீங்க ஹாரன் அடிப்பீங்க. அப்பறந்தானுங்க அடுத்த வரி எடுப்பான். இவன் என்னுங்க, நாய் தொரத்தற மாதிரி ஓடறான்? நீங்க ஹாரன் அடிக்கற எடத்துல எல்லாம் இவன் பாடிக்கிட்டிருக்கறானே. பாறை வளைவுல மொல்லமா ஒரு பாட்டு வருமே, நீங்ககூட கண்ணத் தொடச்சுக்குவீங்களே, அது வந்ததும் தெரியல, போனதும் தெரியல.”

“நீ தூங்கிட்டுத்தான புள்ள வருவ?”

“துண்டுதானுங்க போத்தியிருந்தேன்.”

கருப்பண்ணன் சொன்னது, பெல்ட் தொங்கிப்போய் எல்லாப் பாட்டும் மெதுவாக ஓடியது, இப்போது ஓடியதுதான் சரியான வேகம், எல்லாவற்றையும் தரணிதரன் சொல்லி முடித்தார். “இதுதான் நெசம் புள்ள. நான் கேட்டதெல்லாம் தப்பு” என்றார்.

சத்யா பின்னலை முன்னால் இழுத்து, நுனியில் சுற்றியிருந்த கறுப்பு ரப்பரைக் கழற்றி, ஒட்டியிருந்த ஒரு முடியை ஊதிவிட்டு, அவரிடம் நீட்டினார்.